யாரும் வராத இடத்துக்கு ஒரு துண்டு



பேருந்து நிலையத்தில் வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது நம் ஊரில் பழைய வழக்கம். எரிச்சலாக இருந்தாலும் நாம் அதைப் பொறுத்துக்கொள்கிறோம். ஏனென்றால் அந்தத் துண்டுக்குப் பின்னால் ஓர் ஆள் உண்டு. கைக்குழந்தையோடு மனைவி வருவாள், அல்லது முழங்கால் வலியோடு அப்பா வருவார். யாருமே வரப்போகாத இடத்துக்குத் துண்டு போடுகிறவனை என்ன சொல்வது? அப்படிப்பட்டவர்கள் இப்போது விமானத்தில் ஏறுகிறார்கள்.

விஷயம் இதுதான். விமான நிறுவனங்கள் அடிக்கடி பறப்பவர்களுக்குப் புள்ளி கொடுக்கின்றன. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்வான்டேஜ் திட்டத்துக்குப் பிறகு உலகம் முழுக்க இது பரவியது. நம் புதுச்சேரிக் குடும்பங்களுக்குத் தெரிந்தது ஏர் பிரான்ஸ், கே.எல்.எம். நிறுவனங்களின் ஃபிளையிங் புளூ. அதில் 100 புள்ளி சேர்ந்தால் வெள்ளி, அதன் பிறகு 180 சேர்ந்தால் தங்கம், இன்னும் 300 சேர்ந்தால் பிளாட்டினம். பதவி உயர உயர, தனி வரிசை, சொகுசு ஓய்வறை, கூடுதல் பெட்டி எல்லாம் கிடைக்கும். பாரிசுக்கு வடகமும் மிளகாய்த்தூளும் கட்டி அனுப்பும் நமக்கு அந்தக் கூடுதல் பெட்டியின் அருமை தெரியும். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் சீக்கிரம் தங்கம் ஆகவேண்டும் என்று சிலர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே ஆள், ஒரே பயணம், இரண்டு இருக்கை. ஒன்றில் அவர் உட்காருவார். மற்றது காலி. விதியில் ஓட்டை இருக்கும் இடத்தில் இரண்டு இருக்கைக்கும் புள்ளி கேட்பார். பல நிறுவனங்கள் ‘ஓர் ஆளுக்கு ஓர் இருக்கைக்கு மட்டுமே புள்ளி’ என்று எழுதி வைத்திருப்பதே, இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். இளநிலை எழுத்தர் முதுநிலை ஆவதற்குள் தலை நரைத்துவிடும். அந்த ஏணியில் ஏற ஒரே வழி, நாள்தோறும் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது. ஒருவன் ஒரே நாளில் இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘எனக்கு இரண்டு நாள் சர்வீஸ் கணக்கு வையுங்கள்’ என்று கேட்டால் மெமோதான் கிடைக்கும். விமானத்தில் அதற்குத் தங்க அட்டையா?

‘அவர் பணம், அவர் வாங்குகிறார், உங்களுக்கு என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. விமானக் கட்டணம் பேருந்துக் கட்டணம் போல எல்லாருக்கும் ஒன்று அல்ல. குறைந்த விலையில் இத்தனை இருக்கை, அடுத்த விலையில் இத்தனை என்று படிப்படியாக விற்கிறார்கள். மலிவான இருக்கை தீர்ந்துவிட்டால் அடுத்து வருபவர் மேல்படி விலை கொடுக்கவேண்டும். புள்ளிக்காக இருக்கை வாங்குபவர் எந்தப் படியில் கைவைப்பார்? மலிவான படியில்தான். ஆக அந்தக் காலி இருக்கையின் செலவில் ஒரு பங்கு பின்னால் வரும் முன்பின் தெரியாத ஒருவர் தலையில் விழுகிறது.

அந்த ஒருவர் யார் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் பிரான்சில் பள்ளி விடுமுறை. பிள்ளை குட்டியோடு நான்கைந்து டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் எத்தனை மாதம் மிச்சம் பிடித்து வருகிறார்கள்? இங்கே ஒரு சாவு விழுந்தால், அங்கிருக்கும் மகன் இரவோடு இரவாக இடம் தேடுகிறான். கிடைத்த விலைக்கு வாங்குகிறான், கிடைக்காவிட்டால் கொள்ளி வைக்க வரமுடியாமல் போகிறான். அதே விமானத்தில் ஓர் இருக்கை, பெல்ட் மாட்டக்கூட ஆள் இல்லாமல், ஒருவரின் பதவி உயர்வுக்காகப் பறந்து வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கூடுதல் இருக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பருமனானவர், காலில் மாவுக்கட்டு போட்டவர், செல்லோ வாத்தியத்தைச் சரக்கோடு போடப் பயப்படும் கலைஞர், இவர்களுக்கு அது தேவை. கனடாவில் 2008-இல் போக்குவரத்து ஆணையம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உடல் குறைபாட்டால் இரண்டாவது இருக்கை தேவைப்படுகிறவரிடம் உள்நாட்டுப் பயணத்தில் இரண்டாவது கட்டணம் வாங்கக்கூடாது, ஒரு நபருக்கு ஒரு கட்டணம்தான் என்று. ஏர் கனடாவும் வெஸ்ட்ஜெட்டும் அதற்குக் கட்டுப்பட்டன. தேவைப்படுபவருக்கு இரண்டாவது இருக்கையை இலவசமாகக் கொடு என்று ஒரு நாடு சொல்கிறது. தேவைப்படாதவர் காசு கொடுத்து அதைக் காலியாக வைக்கிறார்.

‘விமானம் எப்படியும் பறக்கத்தானே போகிறது’ என்பது அடுத்த வாதம். காலியாகப் பறப்பதை விமான நிறுவனங்களே நியாயப்படுத்தியவைதான். ஐரோப்பாவில் விமான நிலைய நேர ஒதுக்கீட்டை 80 சதவீதமாவது பயன்படுத்தாவிட்டால் அடுத்த பருவத்தில் இழக்கவேண்டும். 2020-இல் கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில், அந்த ஒதுக்கீட்டைக் காப்பாற்ற ஆளில்லாமலே விமானங்கள் பறந்தன. ஊர் சிரித்த பிறகுதான் விதியைத் தளர்த்தினார்கள். நிறுவனம் செய்த அபத்தத்தைப் பயணியும் சிறிய அளவில் செய்கிறார், அவ்வளவுதான்.

உண்மையில் இந்த ஏணியைப் போட்டவர்களைத்தான் முதலில் கேட்கவேண்டும். 2020-இல் டெல்டா நிறுவனம் தன் புள்ளித் திட்டத்தை ஈடாக வைத்து 900 கோடி டாலர் திரட்டியது. புள்ளி அவர்களுக்கு விளையாட்டல்ல, அடமானம் வைக்கக்கூடிய சொத்து. 2025 ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் ஏர்வேசில் பதவிக்குக் கணக்கு, செலவழித்த பணம்தான். தங்கத்துக்கு 20,000 புள்ளி. பறந்த தூரம் பின்னால் போய்விட்டது. இரண்டாவது இருக்கை வாங்கி ஏமாற்றியதாக நினைப்பவர் நிறுவனத்தை ஏமாற்றவில்லை. அவர்கள் விரும்பியபடியே கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருகிறார்.

பிரெஞ்சில் இருக்கைக்கும் ‘பிளாஸ்’, வரிசையில் நம் இடத்துக்கும் ‘பிளாஸ்’. தமிழிலும் ‘இடம்’ என்ற ஒரே சொல்தான். ‘எகாலித்தே’ என்று எழுத்துக்கூட்டிப் படித்த தலைமுறை நாம். விமானத்தின் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் தரையிறங்குகிறோம். பெட்டி வரும் பட்டைக்கு முன்னால் தங்கமும் நிற்கிறது, ஒன்றுமில்லாதவரும் நிற்கிறார்.

நிறுவனங்கள் செய்யவேண்டியது எளிது. ஆள் உட்கார்ந்த இருக்கைக்கு மட்டும் புள்ளி என்று எல்லாரும் ஒரே விதி எழுதட்டும். உடம்புக்காகக் கூடுதல் இருக்கை கேட்பவரிடம் கட்டணத்தைக் குறைக்கட்டும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இந்த விடுமுறைக்கு வரும் மகனோ மருமகனோ புது அட்டையைக் காட்டி, அதை எப்படிச் சீக்கிரம் பிடித்தேன் தெரியுமா என்று பெருமையாகச் சொன்னால், கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுக்காதீர்கள். பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்து வந்தார்கள் என்று கேளுங்கள்.