என் பெயரில் என்ன பிழை?

கடந்த மாதம் ஒரு பழைய ஸ்கானர் வாங்கினேன். பெட்டிகளில் கிடந்து மஞ்சளேறிப்போன என் பத்திரிகை நறுக்குகளைக் கரையான் தின்னுமுன் கணனியில் ஏற்றிவிட வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். ஸ்கானருடன் வரும் மென்பொருளை நிறுவத் தொடங்கினேன். பாதி வழியில் நின்றது. "தற்காலிகக் கோப்புறையைத் திறக்க முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி; அதன் கீழே கோப்புறையின் முகவரி. அந்த முகவரியில் என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள்.

கணனியை மீள இயக்கினேன். வைரஸ் தடுப்பியை நிறுத்திப் பார்த்தேன். நிர்வாகி அனுமதியுடன் ஓட்டினேன். வன்தட்டில் இடம் தாராளமாக இருந்தது. எதுவும் பலிக்கவில்லை. கணனி திருத்தும் தம்பி ஒருவர் வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அங்கிள், நீங்கள் பெயரைத் தமிழில வைச்சிருக்கிறீங்கள். அதுதான் பிழை. ஃபோமட் அடிச்சு இங்கிலீசில வைப்பம்."

தம்பி நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார். நான் சினப்பது அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக. பிழை என் பெயரிலா?

நடந்தது இதுதான். கணனியில் பயனர் கணக்கை உருவாக்கும்போது நாம் கொடுக்கும் பெயரிலேயே ஒரு கோப்புறை உண்டாகிறது. நிறுவிகள் தம் பொதிகளை அவிழ்த்துப் போடும் தற்காலிகக் கோப்புறை அதற்குள்ளேதான் இருக்கிறது. விண்டோஸ் அதைக் குறையின்றிக் கையாள்கிறது. 1993இல் வெளியான விண்டோஸ் என்ரி காலம் தொட்டே அதன் அடித்தளம் யுனிகோட்தான். ஆனால் பல நிறுவிகள் இன்னமும் யுனிகோடுக்கு முந்திய பழைய வழியில் எழுதப்படுகின்றன. அவை எழுத்துகளைக் 'குறிப்பக்கம்' எனும் சிறிய அட்டவணை ஒன்றின் ஊடாகவே பார்க்கும். விண்டோஸில் ஜப்பானியத்துக்கு 932, தாய்லாந்து மொழிக்கு 874, வியட்நாமியத்துக்கு 1258 என்று அத்தகைய அட்டவணைகள் உண்டு. தமிழுக்கு இல்லை. சிங்களத்துக்கும் இல்லை, இந்திக்கும் இல்லை. (இந்த ஒரு விடயத்திலாவது நாமும் சிங்களச் சகோதரரும் சமத்துவம் கண்டோம்!) அட்டவணையில் இல்லாத எழுத்தை அந்த நிறுவி கேள்விக்குறியாக மாற்றிவிடுகிறது. கோப்புறைப் பெயரில் கேள்விக்குறி வரக்கூடாது என்பது விண்டோஸின் விதி. ஆகவே இல்லாத கோப்புறையைத் தேடி, காணாமல், நம்மைக் குற்றஞ்சாட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

தமிழ் 1991இல் வெளியான யுனிகோடின் முதலாம் பதிப்பிலேயே இடம்பெற்ற மொழி. மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டது. இன்னும் ஒரு நிறுவனம் யுனிகோட் அறியாத நிறுவியை ஸ்கானர் பெட்டிக்குள் வைத்து விற்குமானால், பிழை எவருடையது?

"இதற்கெல்லாம் சண்டையா? பெயரை ஆங்கிலத்தில் வைத்தால் இரண்டு நிமிட வேலை" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இரண்டு நிமிட வேலையும் அல்ல அது. கணக்கின் பெயரை மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. புதிய கணக்கே திறக்கவேண்டும். ஆனால் என் மறுப்பு நேரம் பற்றியது அல்ல. நாம்தான் ஒவ்வொரு முறையும் சத்தமின்றி ஒதுங்கிப் போகிறோம். பாமினி எழுத்துருவில் பக்கங்கள் அமைத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 'அ' என்று திரையில் தெரியும். உள்ளே கணனி சேமித்ததோ ஆங்கில 'எம்'. தமிழை ஆங்கிலமாக வேடமிட்டுத்தான் பத்திரிகை நடத்தினோம். அன்று வேறு வழியில்லை, அதனால் அதில் வெட்கமுமில்லை. இன்று வழி இருக்கிறது. இருந்தும் தமிழில் பெயர் வைத்தவனைப் பார்த்து "ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று கேட்பவர் தமிழராகவே இருக்கிறார். தன் பெயரைத் தமிழில் எழுதப் பழகும் பிள்ளை கணனிக்கு முன் அமரும்போது, அதற்கும் இதையேதான் சொல்லப்போகிறோமா?

ஃபோமட் அடிக்க நான் விடவில்லை. எந்தக் காய்ச்சலுக்கும் தலையை வெட்டும் வைத்தியம் அது. இருபது ஆண்டுக் கட்டுரைகளைக் கொண்ட வன்தட்டை ஒரு ஸ்கானருக்காக அழிப்பதா? பரிகாரம் எளிது. சி வன்தட்டில் 'ரெம்ப்' என ஆங்கில எழுத்தில் ஒரு கோப்புறை திறந்து, சூழல் மாறிகள் என்ற பகுதியில் தற்காலிகக் கோப்புறையைக் குறிக்கும் இரண்டு மாறிகளையும் அதற்குத் திருப்பிவிட்டேன். நிறுவி முணுமுணுக்காமல் ஓடி முடிந்தது. யுரிஎஃப்-8 ஐ முழுக் கணனிக்கும் பொதுவாக்கும் பரீட்சார்த்தத் தெரிவு ஒன்றும் விண்டோஸின் பிராந்திய அமைப்புகளில் உண்டு. வேறு சில பழைய மென்பொருள்கள் அதனால் குழம்பக்கூடும் என்பதால் அதை நான் தொடவில்லை. இதே தொல்லை உள்ளவர்கள் முதலில் மாறிகளை மாற்றிப் பாருங்கள்.

தம்பி அன்று கூலி வாங்க மறுத்துவிட்டார். "அங்கிள், இது எனக்கும் புதுசு" என்றார்.

ஸ்கானர் நிறுவனத்துக்குக் கேள்விக்குறிகள் தெரியும் அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். கடிதத்தின் அடியில் என் பெயரைத் தமிழிலும் எழுதினேன். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. வந்தால் இங்கேயே எழுதுவேன். உங்களில் எவருக்காவது இவ்வாறு நேர்ந்திருந்தால், நீங்களும் அந்தந்த நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.