கோவனின் டாஸ்மாக் பாட்டு: கருணாபுரம் சொன்ன பதில் என்ன?

2015 அக்டோபர் 30. விடிவதற்கு முன்பே திருச்சியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறது சென்னை சைபர் கிரைம் போலீஸ். அள்ளிக்கொண்டு போனது ஒரு பாடகரை. பெயர் கோவன். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் மேடைகளில் பல வருடங்களாகப் பாடிக்கொண்டிருந்தவர். போட்ட பிரிவுகளில் ஒன்று 124-ஏ, அதாவது தேசத்துரோகம். டாஸ்மாக்கை மூடச் சொல்லி, அன்றைய முதல்வர் ஜெயலலிதாவைக் கிண்டல் செய்த இரண்டு பாட்டுகள்தான் காரணம்.

அந்தப் பாட்டு வெறும் மேடைக் கோபத்தில் பிறந்ததில்லை. அதே ஆண்டு ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் டவரில் ஏறிப் போராடியபோது இறந்துபோனார். தமிழ்நாடு முழுக்க கடைகள் முன்னால் பெண்களும் மாணவர்களும் திரண்ட நேரம் அது. அந்தச் சூட்டுக்கு மெட்டுக் கொடுத்தது கோவனின் குரல்.

கைது செய்யாமல் விட்டிருந்தால் சில ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். கைதுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் போகாத வீடில்லை. போலீஸ் காவல் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது தமிழக அரசு, எடுபடவில்லை. நவம்பர் 16-ல் ஜாமீன் கிடைத்தது. 2016-ல் மறுபடி முதல்வரான ஜெயலலிதா போட்ட முதல் உத்தரவுகளிலேயே 500 கடைகளை மூடும் உத்தரவும் இருந்தது. பாட்டுதான் மூடவைத்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் மதுவிலக்கைத் தேர்தல் பேச்சாக்கிய கூட்டத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அமெரிக்க சோல் இசையிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1969-ல் பெர்க்லியில் இளைஞர்களைப் போலீஸ் அடித்ததை நேரில் பார்த்த ரெனால்டோ பென்சன் தொடங்கிவைத்த பாட்டு, மார்வின் கே கைக்கு வந்து 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆனது. இது ஓடாது என்று மோட்டவுன் முதலாளி பெரி கோர்டி தயங்கினார். 1971 ஜனவரியில் வெளியானது, பிய்த்துக்கொண்டு ஓடியது. (தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டதும் அதே 1971-ல்தான்.) அங்கே தடுக்கப் பார்த்தது கம்பெனி, இங்கே அரசு.

சரி, கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2024 ஜூன். நகரத்துக்குள்ளேயே இருக்கும் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வரிசையாகச் சரிந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் தினக்கூலிகள். அதில் இருந்தது மெத்தனால். உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வையை, பிறகு உயிரை எடுக்கும் தொழிற்சாலை ரசாயனம்.

உடனே பழைய வாதம் கிளம்பியது: "பாத்தீங்களா, டாஸ்மாக்கை மூடினா இதுதான் நடக்கும்." இந்த வாதத்தில் ஒரு ஓட்டை. கருணாபுரம் செத்தபோது எந்த டாஸ்மாக்கும் மூடியிருக்கவில்லை. மாநிலம் முழுக்க 4,800-க்கும் மேற்பட்ட கடைகள் திறந்துதான் இருந்தன. 2023-24-ல் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, பாக்கெட் விற்பனை தடையில்லாமல் நடந்தது.

அதேசமயம் பாட்டிலும் ஒரு குறை உண்டு, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது கடையையும் கோட்டையையும் மட்டுமே பார்க்கிறது. குவார்ட்டர் விலைகூடக் கட்டுப்படியாகாத கூலிக்காரர் அதில் இல்லை. கல்வராயன் மலையும் இல்லை. மலைக்காரர்கள் என்றாலே சாராயம் காய்ச்சுபவர்கள் என்று கீழே ஒரு பேச்சு இருக்கிறது. ஜூன் 2024-க்குப் பிறகும் முதலில் ரெய்டு போனது மலைக்குத்தான், ஊறல் பேரல்களைக் கொட்டி அழிக்க. ஆனால் மெத்தனால் ஊறலில் பிறப்பதில்லை. அது ஆலைகளில் தயாராகி, சமவெளி வழியாக வந்த சரக்கு. 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்த மலை அது. அங்கே பழங்குடி மக்களுக்குச் சாலையும் ஆஸ்பத்திரியும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்துக் கேட்டது 2024 ஜூலையில். அத்தனை பேர் செத்த பிறகு.

அந்த நவம்பரில் விசாரணை சிபிஐக்கு மாறியது. கோவன் மீது பாய்ந்த 124-ஏ பிரிவை 2022-லேயே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்தது. கருணாபுரத்தில் சாவு விழுந்து இரண்டு வாரத்தில், ஜூலை 1 அன்று, பழைய தண்டனைச் சட்டமே போய் புதுச் சட்டம் வந்தது. அதில் தேசத்துரோகம் என்ற சொல் இல்லை. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யக்கூடிய 152-வது பிரிவு இருக்கிறது.