பட்டத்துக்குப் புள்ளி இல்லை

உல்லைப் பக்கம் எந்தத் தேத்தண்ணிக் கடையில் குத்துச்சண்டைப் பேச்சு எழும்பினாலும் ஒரு வசனம் தப்பாமல் வந்து விழும்: "சம்பியனிட்ட பட்டத்தைப் பறிக்கிறதெண்டா அடிச்சு விழுத்தணும். மயிரிழையில வெண்டாப் போதாது." போன வாரம் இதைச் சொன்ன காக்கா, பிளேன்டீக் கிளாஸை மேசையில் ஓங்கி வைத்துத்தான் சொன்னார். ஏதோ சட்டப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோல் இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. சவாலுக்கு வருகிறவனின் உழைப்பைத் திருடுகிற பேச்சு அது.

சுற்றுக்குச் சுற்று தனிக் கணக்கு. வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9, ஒரு தடவை விழுந்து எழும்பினால் வழக்கமாக 8. துப்பரவாகப் பட்ட குத்து, பலன் தந்த தாக்குதல், தற்காப்பு, களத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த விதம், இவைதான் நடுவர் பார்க்க வேண்டியவை. பட்டி யாருடையது என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். சம்பியனுக்கு உள்ள சலுகை ஒன்றே ஒன்று: முழுச் சண்டையும் சமநிலையில் முடிந்தால் பட்டம் அவரிடமே தங்கும். கடைசியில் மட்டும் செல்லுபடியாகும் இந்த விதியை நம் ஆட்கள் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் இழுத்து வந்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 சுற்றில் நான்கு இழுபறி. நான்கையும் சம்பியனுக்கே எழுதினால், மிச்சம் எட்டில் ஆறை வென்றவனுக்கும் சமநிலைதான் கிடைக்கும். பட்டம் இல்லை.

எங்கள் கரையில் இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு முஹம்மத் அலி மீதுள்ள பாசமே காரணம் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்தப் பாசம் உண்டு. வாப்பாவின் வாயால் அலியின் கதை கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் சொல்ல வேண்டும்.

1976 செப்டம்பர் 28, நியூயோர்க் யாங்கி ஸ்டேடியம். சம்பியன் அலியும் சவாலுக்கு வந்த கென் நோர்ட்டனும் மூன்றாம் தடவை மோதினார்கள். 1973இல் அலியின் தாடையை உடைத்தவர் இதே நோர்ட்டன். 14 சுற்று முடிய இரண்டு நடுவர்களின் தாளில் வென்ற சுற்றுகள் ஏழுக்கு ஏழு. நோர்ட்டனின் ஆட்களோ, நீ முந்திவிட்டாய், இனிக் கவனமாக ஆடு என்று சொல்லி அனுப்பினார்கள். 15ஆவது சுற்றை அலி எடுத்தார். 8-7, 8-7, மத்தியஸ்தரின் தாளில் 8-6, ஒரு சுற்று சமம். நோர்ட்டன் அழுதார். அந்தப் பதிவை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்; என் கணக்கில் வென்றவர் நோர்ட்டன்தான். இதைச் சொன்னால், "அவன் அலியை விழுத்தல்லையே" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுகிறார்கள். எந்தச் சுற்றை, எதைப் பார்த்து, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று நடுவரைக் கேட்க வேண்டிய கேள்வி அதோடு செத்துப்போகிறது.

எங்கள் கரையின் மெயின் பொயின்டில் சர்ஃபிங் போட்டி பார்த்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது. போன வருடத்து சம்பியனும் தண்ணீரில் இறங்கும்போது சைபர்தான். அவர் ஏறிய அலைக்குத்தான் புள்ளி, அவர் பெயருக்கு இல்லை. ஒருவர் பிடித்த நல்ல இரண்டு அலைகளைக் கூட்டுகிறார்கள். அரைப் புள்ளி கூடினாலும் வெற்றி வெற்றிதான். நேற்றுப் பலகை தூக்கிய பொத்துவில் பொடியன் முந்தினால், சம்பியனைக் கடலில் தள்ளிவிட்டா வென்றாய் என்று யாரும் கேட்பதில்லை.

நோர்ட்டனுக்கும் ஒருநாள் பட்டம் வந்தது. 1978இல் உலகக் குத்துச்சண்டைச் சபை அவரைச் சம்பியனாக அறிவித்தது. அதே வருடம் ஜூன் 9ஆம் திகதி லாஸ் வேகஸில் லரி ஹோம்ஸ் சவாலுக்கு வந்தார். 15 சுற்று. இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கு எழுதினார்கள். மூன்றாமவர் அதே ஒரு புள்ளியை நோர்ட்டனுக்கு எழுதினார். நோர்ட்டன் விழவில்லை. பட்டம் போய்விட்டது.

இதைக் காக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோர்ட்டன ஆரு தம்பி சம்பியனெண்டு சொன்ன?" என்றார்.