பைனாகுலர் வாங்கப் போகிறீர்களா?



ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், புள்ளைங்களோட வேடந்தாங்கல் போறோம். 20×50 பைனாகுலர் வாங்கவா? அதுதான் பெருசா காட்டுமாம்."

வேண்டாம்பா என்றேன். ஆசைப்பட்டு அதை வாங்கி ஏமாந்தவன் நான். ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரையில் நின்று நாரையைப் பார்த்தால், என் கை நடுக்கம்தான் இருபது மடங்கு பெரிதாகத் தெரிந்தது!

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள் (வகுப்பில் போட்ட கணக்குதான்). 20×50-க்கு 2.5 வரும். 8×42-க்கு 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்பாவை விரியும். அப்போது 2.5 போதாது, காட்சி மங்கிவிடும். வேடந்தாங்கலில் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்புவதோ சாயங்காலம். ஷிப்ட் பார்க்கும் உங்களுக்கும் ஏரிக்கரைக்குப் போகக் கிடைப்பது விடியலும் அந்தியும்தானே?

அதனால் நான் 8×42 கட்சி. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், 'ஐ ரிலீஃப்' 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரவில் மொட்டை மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நிலாக்கள்கூடத் தெரியும். சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

என் 20×50 அலமாரியில்தான் இருக்கிறது. சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.