மிச்சமாகும் தண்ணீர் யாருக்கு?

“உழவனுக்குச் சிக்கனம் தெரியாது, வாய்க்காலில் வரும் தண்ணீரையெல்லாம் வயலிலே தேக்கி வீணாக்குகிறான்!” தாமிரபரணிப் பாசனத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் போதும், கால் நனையாத கனவான்கள் இந்தப் பழியைத்தான் முதலில் வீசுகின்றனர்.

தோழர்களே, உண்மை யாது? 2003-04ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், இந்த ஆற்றுப் பாசனத்திலே நூறு உழவர்களின் வயல்களில் புதியதோர் நடவு முறையைச் சோதித்தது. பதினான்கு நாள் இளநாற்று. குத்துக்கு ஒன்றே ஒன்று. சதுரமாக, இடம்விட்டு நடவு. மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்ட பிறகே மறு தண்ணீர். களையைப் பிடுங்கி வரப்பில் எறியாமல், உருளைக் கருவியால் சேற்றிலேயே அமுக்கிவிட, அது மண்ணுக்கு உரமாகிறது. வேருக்குக் காற்றும் கிடைக்கிறது. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். பழைய முறையில் ஹெக்டேருக்குச் சராசரி 5,657 கிலோ விளைந்தது. புதிய முறையில் 7,227 கிலோ! செய்து காட்டியவன் யார்? சிக்கனம் தெரியாதவன் என்று இகழப்படும் அதே உழவன்தான். திருந்திய நெல் சாகுபடி என்று இன்று அரசு ஏடுகள் புகழ்வது இதனையே.

பின், ஏன் எல்லா வயலிலும் இது நிலைக்கவில்லை? பாளையங்கால்வாயைப் பாருங்கள். பழவூர் அணைக்கட்டில் பிரிந்து, மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் கடந்து செல்லும் அந்த வாய்க்கால், நகரத்தின் சாக்கடையைச் சுமந்துகொண்டல்லவா கடைமடைக் குளங்களை நோக்கிப் போகிறது! வெடிப்புக் காணும்வரை காத்திரு என்கிறார் நிபுணர். காத்திருப்பான் உழவன், அடுத்த முறைத் தண்ணீர் வருமென்று யார் உறுதி கூறுவது? கார் பருவத்துக்கு மடை என்று திறக்கும் என்பதே தெரியாதவன், பதினான்கு நாள் கணக்கிட்டு நாற்றங்கால் விடுவது எங்ஙனம்? வந்தபோது தேக்கிக்கொள்கிறான், அச்சத்தின் விளைவு அது, அறியாமையின் விளைவன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். உருளைக் கருவியை ஆண்கள் தள்ளத் தொடங்கினால், களையெடுத்துப் பிழைத்த பெண்களின் கூலி போகிறது. அவர்களுக்கே கருவியும் பயிற்சியும் உயர்ந்த கூலியும் வேண்டுமென்று கேட்பது நம் கடமை. ஆராய்ச்சி அறிக்கை ஆள்செலவு மிச்சம் என்று எழுதும். அந்த மிச்சம் ஒரு குடும்பத்தின் அரிசி.

இனி, தண்ணீருக்கு வருவோம். வயலிலே மிச்சம் பிடித்தால் அது எங்கே போகும்? கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்று நீர் தரக்கூடாதென்று தொடுத்த வழக்குகள் 2017ஆம் ஆண்டு மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தள்ளுபடியாயின. 1873இல் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வாரவோ, 2015இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணை வேண்டியிருந்தது! ஆலைக்குக் குழாய் போடுவதில் காட்டும் வேகம், அணையின் வண்டலை அள்ளுவதில் இல்லை. இந்நிலையில் உழவனைப் பார்த்து, “நீ வயிற்றைக் கட்டு” என்பது அறிவுரையா, ஏமாற்றா?

கார், பிசானம் இரண்டுக்கும் மடை திறக்கும் நாளையும் முறை நாள்களையும் அரசு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கட்டும். மிச்சமாகும் நீர் முதலில் கடைமடைக் குளத்துக்கே என்று ஆணையிடட்டும். பாளையங்கால்வாயில் சாக்கடை விழும் வாய்களை அடைக்கட்டும். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்த விவசாயிகள் குறைதீர் நாளன்று, கிளைதோறும் இந்த மூன்றையும் மனுவாக எழுதிக்கொண்டு வாருங்கள். நடவுப் பெண்களையும் உடன் அழைத்து வாருங்கள்.