வேட்டைக்கு முன் பறக்கும் கண்

வேட்டையாடுதல் எமது சமூகத்தவருக்குப் பெரிதும் பழக்கமில்லாத ஒன்று. ஆயினும் நாம் அடைக்கலம் புகுந்துள்ள நாடுகள் பலவற்றில் அது அனுமதிப்பத்திரம், பருவகாலம், சுடத்தக்க எண்ணிக்கை என்னும் ஒழுங்குகளுக்கு உட்பட்ட வாழ்வுமுறையாக நிலைத்திருக்கிறது. அந்த ஒழுங்குகளுக்கு இன்று சோதனையாக வந்திருப்பது ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம். காட்டின் அமைப்பையும் விலங்குகள் தங்கும் இடங்களையும் முன்கூட்டியே பார்த்துவைக்க அதனை அனுப்பலாமா என்பதே கேள்வி. "சுடுவதற்கல்ல, பார்ப்பதற்கே அனுப்புகிறோம்" என்கின்றனர் வேட்டைக்காரர் சிலர். இந்நியாயத்தை நாம் ஏற்கவில்லை.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் நெடுநாளாக ஒரு விதி உண்டு. சிறு விமானத்தில் பறந்தவர் மறுநாள் அதிகாலை 3 மணி கழியும்வரை பெருவிலங்குகளைச் சுடலாகாது. வானிலிருந்து மூஸ் மானைக் கண்டு, அருகே தரையிறங்கி, உடனே சுட்டு வீழ்த்துவதைத் தடுப்பதே இதன் நோக்கம். இடையிலுள்ள அந்த ஓர் இரவு விலங்குக்கு உரியது, அது இடம்பெயர்ந்துவிடலாம். விமானத்திலிருந்து சுடுவதை 1971இலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றித் தடைசெய்துவிட்டது. ஆனால் ட்ரோன் வைத்திருப்பவர் பறக்கவும் வேண்டியதில்லை, தரையிறங்கவும் வேண்டியதில்லை. மலைச்சரிவில் நின்றவாறே பள்ளத்தாக்கு முழுவதையும் துழாவலாம். இதனை உணர்ந்தே மொன்ரானாவும், 2014இல் கொலராடோவும் அலாஸ்காவும் வேட்டையில் ட்ரோன் பயன்பாட்டுக்குத் தடை விதித்தன. இத்தடைகளுக்குக் குரல் கொடுத்தவர்களில் வேட்டைக்காரர்களே முன்னின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. தியடோர் ரூஸ்வெல்ட் முதலானோர் 1887இல் நிறுவிய பூன் அன்ட் குரொக்கெட் சங்கமும், ட்ரோன் துணையுடன் வீழ்த்தப்பட்ட விலங்குகளைத் தன் சாதனைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

நேற்றுப் பார்த்து இன்று சுட்டால் என்ன குற்றம் என்று கேட்போர் உளர். கரடியின் குகையும் மான்கூட்டம் படுக்கும் ஓடையோரமும் ஓர் இரவில் மாறிவிடுவதில்லை. எனவே வேட்டைப் பருவம் முழுவதற்கும் தடை இருப்பதே பொருத்தம். காவலர்க்கும் அது எளிது. இயற்கைக் காட்சியைப் படம்பிடித்தேன் என்பவரிடம் எதைக் கொண்டு மறுத்துரைப்பது? வன்னியில் தலைக்குமேல் இரைந்த வேவு விமானத்தை 'வண்டு' என்றழைத்த எம்மவர்க்கு, பார்ப்பது வேறு, தாக்குவது வேறு என்னும் வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கருவியின்மேல் கொண்ட பகையன்று. ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் மே, ஜூன் மாதங்களில் புல்வெட்டும் இயந்திரங்களின் கீழ் மான்குட்டிகள் அரைபட்டு மாள்கின்றன. பிறந்து சில வாரமே ஆன குட்டி, ஆபத்து நெருங்கினால் ஓடாது. புல்லோடு புல்லாய் அசையாது ஒட்டிக்கிடக்கும். நரியிடமிருந்து காக்கும் அந்த இயல்பே இயந்திரத்தின் முன் அதற்கு எமனாகிறது. நிலம் குளிர்ந்திருக்கும் அதிகாலையில், உடல் வெப்பத்தைக் காட்டும் கமரா பொருத்திய ட்ரோன் வயலின்மேல் பறந்து குட்டி கிடக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மனித வாடை படாதிருக்கக் கையில் புல்லை அள்ளிக்கொண்டு அதனைத் தூக்கி, வெட்டி முடியும்வரை வயலோரத்தில் ஒரு பெட்டியில் வைத்திருந்து விடுவிக்கின்றனர். இதற்கான ட்ரோன்களை வாங்க ஜேர்மன் அரசு 2021இல் நிதியுதவி வழங்கத் தொடங்கியது. இப்பணியில் இறங்குபவர்களிலும் வேட்டைக்காரர் பலர்.

ட்ரோன் பறக்கவிடுவதில் எமது இளைஞர்கள் பலரும் ஈடுபாடு காட்டுகின்றனர். அவர்கள் காட்டுப்பகுதிக்குச் செல்லுமுன் அவ்விடத்து விதிகளை அறிந்துகொள்ளட்டும். மான்குட்டி மீட்புக் குழுக்களில் தொண்டர்களாகச் சேர விரும்புவோர், மே மாதம் பிறக்குமுன்னரே அயலிலுள்ள குழுவினரிடம் விசாரித்து வைப்பது நன்று.