சத்தியும் வலுவும்

தமிழாசிரியனுக்கு மின்கலத்தோடு யாது தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு என்பதே எனது துணிபு.

ஓய்வு வேளைகளில் மின்னணுக் கருவிகளை இயற்றிப் பழகும் மாணவர் இருவர் அண்மையில் தம்முட் பிணங்கினர். பொத்தான் போன்ற சிறு இலிதிய மின்கலத்தின் கொள்ளளவு 225 மில்லி அம்பியர் மணி. ஆதலின் 200 மில்லி அம்பியர் வேண்டும் சிறு மோட்டரை அஃது ஒரு மணி நேரம் சுழற்றும் என்றான் ஒருவன். ஒரு சுற்றுத்தானும் சுழற்றாது என்றான் மற்றவன். "அதிற் சக்தி உண்டு", "அதிற் சக்தி இல்லை" என வாதம் முற்றி வசையில் முடிந்தது. ஒரு கிழமையாக இருவரும் முகங்கொடுத்துப் பேசினாரல்லர்.

முன்னவன் கருதியது மின்கலம் சேமித்து வைத்துள்ள சத்தி. பின்னவன் கருதியது ஒரு செக்கனில் அது தரவல்ல வலு. குளம் நிறைந்திருப்பினும் மதகு சிறிதாயின் வயல் முழுவதும் ஒரு நாளிற் பாயுமா? 3 உவோல்ற்று உடைய அம்மின்கலத்தின் அகத்தடை, புதிதாயிருக்கும்போதே ஏறத்தாழ 15 ஓம். முனைகளை நேரே இணைப்பினும் 200 மில்லி அம்பியருக்கு மேற் பாயாது. அப்பொழுது மோட்டருக்கு அழுத்தம் எதுவும் எஞ்சாது. எவ்வாறு இணைப்பினும் வெளியே பெறத்தக்க வலு 0.15 உவாற்றே. எனினும் 225 என்னும் எண் பொய்யன்று. 0.2 மில்லி அம்பியராகச் சிறுகச் சிறுகப் பெறின் ஆயிரம் மணி நேரத்துக்கு மேலும் அது வழங்கும். மணிக்கூட்டுக்கு அது பெருஞ்செல்வம். மோட்டருக்கோ யானைப்பசிக்குச் சோளப்பொரி.

அளவுமானியை இருவர் கையிலும் கொடுத்து அளக்கச் செய்தேன். பிணக்குத் தீர்ந்தது.

சத்தி வேறு, வலு வேறு என எம் நாட்டு விஞ்ஞான பாடநூல்கள் வகுத்தே வைத்துள்ளன. ஆயினும் அச்சொற்களை விஞ்ஞானகூடத்துக்கு உரியனவென ஒதுக்கிவிட்டு, மொழி வகுப்பிலே இரண்டையும் ஒன்றெனப் பயில விடுகின்றோம். தடையின் விதியை 1827 இல் நூலாக வெளியிட்ட ஓம் என்பார் கொலோன் நகரிற் பள்ளியாசிரியராய் இருந்தவர். அளந்து பேசும் வழக்கத்தை வகுப்பறையில் வளர்த்தல் எமக்கும் இயல்வதே. சொல்லை வரையறுத்தபின் வாதிடுக. வாதிடுமுன் அளந்து பார்க்க. இவ்விரண்டையும் கற்பியாத குறை மாணவருடையதன்று. என் போன்ற தமிழாசிரியருடையதே.